துண்டு கொடுத்ததோடு வேலை முடியவில்லை

மஸ்கெலியாப் பக்கத்துத் தோட்டங்களில் முப்பது வருடத்துக்கு மேல் மருத்துவமாதுவாக இருந்தேன். பிள்ளைப்பேறு பார்க்கத்தான் என்னை அனுப்பினார்கள். ஆனால் தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக் காம்பராவுக்குள் வந்துபோகிறவளிடம் பெண்கள் எல்லா நோவையும் சொல்வார்கள். ஓய்வு பெற்ற பிறகு நாலைந்து பேர் சேர்ந்து, புற்றுநோய் வந்தவர்களை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய்க் கூட்டிவருகிறோம். இப்போது இளம்பிள்ளைகள் சிலர் வந்து, "நாங்களும் செய்றோம் அம்மா, எங்கிருந்து தொடங்குறது?" என்று கேட்கிறார்கள். அவர்களுக்குச் சொன்னதையே இங்கே எழுதுகிறேன்.

1. கட்டடத்திலிருந்து தொடங்காதீர்கள்.

"நம்ம மலைக்கும் ஒரு கான்சர் ஆஸ்பத்திரி வேணும்" என்பது நியாயமான ஆசை. 2011இல் தெற்கே தேவேந்திரமுனையில் தொடங்கி வடக்கே பருத்தித்துறை வரை பலர் நடந்து திரட்டிய பணத்தில்தான் தெல்லிப்பழையில் புற்றுநோய் வைத்தியசாலை எழுந்தது. சென்னை அடையாற்றில் முத்துலட்சுமி ரெட்டி 1954இல் புற்றுநோய் ஆஸ்பத்திரியைத் தொடங்கியபோது இருந்தவை 12 கட்டில்கள். தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த துக்கத்தை முப்பது வருடம் சுமந்து அந்த அம்மா அதைக் கட்டினார். 1955இல் அங்கே சேர்ந்த டாக்டர் சாந்தா 2021இல் கண்மூடும்வரை அந்த இடத்தை விட்டுப் போகவில்லை. ஒரு ஆஸ்பத்திரி நிற்பதற்கு அத்தனை ஆயுள் செலவாகிறது. அதைக் கேட்கவேண்டியவர்களிடம் விடாமல் கேளுங்கள். ஆனால் அது வரும்வரை கைகட்டி நிற்காதீர்கள். டிக்கோயா கிளங்கன் ஆதார வைத்தியசாலையில் இந்திய உதவியோடு கட்டிய 150 கட்டில்களின் புதிய கட்டடம் 2017இல் திறக்கப்பட்டது. கண்டியில் புற்றுநோய்ப் பிரிவு இருக்கிறது. பேராதனைப் பல் வைத்தியசாலையில் வாய்ப்புற்றுக்கு அறுவைச் சிகிச்சை செய்கிறார்கள். மஹரகமவில் நாட்டின் பெரிய ஆஸ்பத்திரியான அபேக்ஷா இருக்கிறது. எல்லாம் இலவசம். அப்படியிருந்தும் நம் சனம் முற்றிய நோயோடுதான் அங்கே போய்ச் சேர்கிறது. லயத்துக்கும் அந்த வாசலுக்கும் நடுவிலுள்ள வழியில் ஆட்கள் தொலைந்துபோகிறார்கள். அந்த வழிதான் உங்கள் வேலை.

2. ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லித் துண்டு எழுதிக் கொடுத்தால் வேலை முடிந்தது என்று நினைக்காதீர்கள்.

இதை நான் பட்டுத்தான் அறிந்தேன். கொழுந்து எடுக்கும் ஒரு பெண். அப்போது நாற்பது வயதுகூட இருக்காது. குழந்தையின் நிறை பார்க்க வந்த இடத்தில், "அம்மா, நெஞ்சில ஒரு கட்டி, வலிக்கல" என்றாள். தொட்டுப் பார்த்தேன். அன்றைக்கே துண்டு எழுதி, "நாளைக்கே போ புள்ள" என்று அனுப்பினேன். என் கடமை முடிந்தது என்று நினைத்துவிட்டேன். ஏழெட்டு மாதம் கழித்து அவள் மகளின் தடுப்பூசிக்காக அந்த வீட்டுக்குப் போனபோது, நான் எழுதிய துண்டு சாமிப் படத்துக்குப் பின்னால் மடித்து வைத்தபடியே இருந்தது. வலிக்காத கட்டிக்காக ஒரு நாள் பெயரை, அதாவது அன்றைய சம்பளத்தை, இழக்க அவளுக்கு மனம் வரவில்லை. தீபாவளி முடியட்டும் என்று இருந்தாள். பிறகு பிள்ளையின் பரீட்சை முடியட்டும் என்று இருந்தாள். அதற்குள் கட்டி புண்ணாகிவிட்டது. அடுத்த வருடம் அவளை அடக்கம் செய்தோம். மார்புப் புற்று ஆரம்பத்தில் பெரும்பாலும் வலிப்பதில்லை என்பதை அவளுக்கு நான் சொல்லியிருக்கவேண்டும். துண்டு கொடுத்த மறுவாரம் அந்த வாசலில் போய் நின்றிருக்கவும் வேண்டும். இரண்டையும் நான் செய்யவில்லை.

இது ஒரு பெண்ணின் கதை மட்டுமில்லை. நம் நாட்டிலேயே ஆய்வு செய்து, 1984இல் உலக சுகாதார நிறுவனத்தின் இதழில் எழுதி வைத்திருக்கிறார்கள். எங்களைப் போன்ற 34 அடிமட்டச் சுகாதார ஊழியர்களுக்குப் பயிற்சி கொடுத்து, ஒரு வருடம் ஊர் ஊராக வாய்களைப் பரிசோதிக்க வைத்தார்கள். அந்த 34 பேரும் 28,295 பேரின் வாயைப் பார்த்து, சந்தேகப்பட்ட 1,220 பேரை மேல் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். பெரிய படிப்பில்லாத ஊழியர்கள் நோயைக் கண்டுபிடிப்பார்களா என்பதுதான் ஆய்வாளர்களின் கேள்வி. கண்டுபிடித்தார்கள். அதில் எனக்குப் பெருமை உண்டு. ஆனால் அனுப்பியவர்களில் பாதிக்குச் சற்று அதிகமானவர்கள்தான் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். மற்றவர்கள் போகவேயில்லை. கண்டுபிடிக்க ஒரு டோர்ச் லைட்டும் கொஞ்சம் பயிற்சியும் போதும்; கண்டுபிடித்த ஆளைக் கடைசிவரை கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் கஷ்டம். அன்றைக்கு இருந்த இந்த நிலைமை இன்றைக்கும் மாறவில்லை.

ஆகவே உங்கள் குழுவில் பத்துப் பேர் இருந்தால், இரண்டு பேர் நோயைத் தேடட்டும். எட்டுப் பேர் கண்டுபிடித்தவர்களின் பின்னால் போகட்டும். முகாம் நடத்தி, படம் எடுத்து, இருநூறு பேரைப் பரிசோதித்தோம் என்று சொல்லிவிட்டு, துண்டு வாங்கிய ஒன்பது பேர் என்ன ஆனார்கள் என்று தெரியாமல் இருப்பதைவிட, அந்த முகாமை நடத்தாமல் இருப்பது மேல். நோய் இருக்கலாம் என்ற பயத்தை மனதில் போட்டுவிட்டு வழித்துணையில்லாமல் விடுவது பாவம்.

3. ஒரு கொப்பி வையுங்கள்.

நூற்றுத்தாள் கொப்பி போதும். பெயர், தோட்டம், டிவிஷன், லயத்து நம்பர், பக்கத்து வீட்டுப் போன் நம்பர் முதலில் வரட்டும். துண்டு கொடுத்த திகதி, போய்ச் சேர்ந்த திகதி, பரிசோதனைக்குச் சதை எடுத்த திகதி, முடிவு வந்த திகதி, சிகிச்சை தொடங்கிய திகதி இவற்றுக்கும் இடம் விடுங்கள். ஒவ்வொரு ஞாயிறும் உட்கார்ந்து வெற்றுக் கட்டங்களைப் பாருங்கள். எங்கே கட்டம் வெறுமையாக இருக்கிறதோ அந்த வீட்டுக்குத் திங்கட்கிழமை போகவேண்டும். போனில் போட்டு வைப்போம் என்பீர்கள். போடுங்கள், ஆனால் கொப்பியும் இருக்கட்டும். கண்டவர் கையில் அது போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அதில் இருப்பது அடுத்தவர் வீட்டு இரகசியம்.

4. அடையாள அட்டையில் உள்ள பெயரையே எல்லா இடத்திலும் எழுதச் சொல்லுங்கள்.

சின்ன விசயமாகத் தெரியும். லயத்தில் ராணி, தோட்டத்துப் பெயர்ப் பதிவான செக்ரோலில் மகாராணி, அடையாள அட்டையில் இன்னொரு பெயர், அதுவும் சிங்களத்திலிருந்து தமிழுக்கு வந்து எழுத்து மாறியது. ஒரு பெயரில் சதைப் பரிசோதனைக்குக் கொடுத்து, இன்னொரு பெயரில் முடிவைத் தேடினால் கிடைக்காது. "இன்னும் வரல்ல, அடுத்த மாசம் வாங்க" என்று திரும்பி வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். முடிவு அங்கேதான் இருந்தது.

மொழியும் அப்படித்தான். கிளினிக் கொப்பியில் எழுதுவது ஆங்கிலம், வாயால் சொல்வது பல இடங்களில் சிங்களம். நம் ஆட்கள் எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு வெளியே வந்து, "என்ன சொன்னாங்க?" என்று கேட்பார்கள். முதல் மூன்று தடவையாவது சிங்களம் தெரிந்த ஒருவர் உடன் போகவேண்டும். திரும்பி வரும் பஸ்ஸிலேயே, அடுத்த திகதியையும், வெறும் வயிற்றோடு வரவேண்டுமா, எதைக் கொண்டுவரவேண்டும் என்பதையும் பெரிய தமிழ் எழுத்தில் எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

5. மருந்து இலவசம்தான்; போய்வருவது இலவசமில்லை.

நோயாளிக்கு ஒரு நாள் பெயர் போகும். துணைக்குப் போகிறவருக்கும் போகும். பெண் நோயாளியைத் தனியாக அனுப்பமாட்டார்கள், அனுப்பவும் கூடாது. மஸ்கெலியாவிலிருந்து ஹட்டன், கினிகத்தேனை, அவிசாவளை என்று இறங்கி மஹரகமவுக்குப் போக, முதல்நாள் இரவே புறப்படவேண்டிய டிவிஷன்கள் உண்டு. சிவனொளிபாதமலைப் பருவத்தில், டிசம்பர்ப் பௌர்ணமியிலிருந்து வெசாக் வரை, யாத்திரீகர்களின் கூட்டத்தில் நம் பஸ்களில் உட்கார இடம் கிடைக்காது. மருந்து ஏற்றிக்கொண்டு வாந்தியோடு வருகிறவரை ஹட்டனிலிருந்து நிற்க வைத்துக் கூட்டி வந்திருக்கிறோம். அந்த மாதங்களில் ஓட்டோவுக்கென்று தனியாகப் பணம் ஒதுக்கி வையுங்கள்.

கதிர்ச் சிகிச்சை இன்னும் கஷ்டம். பெரும்பாலும் வாரத்துக்கு ஐந்து நாள் வீதம் ஐந்து, ஆறு வாரம் போகும். இங்கிருந்து தினமும் போய்வர முடியாது. ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் நோயாளிகள் இலவசமாகத் தங்கும் விடுதிகள் இருக்கின்றன. எங்கே இடம் இருக்கிறதென்று திகதி கிடைத்த அன்றே விசாரியுங்கள். இடையில் தைப்பொங்கலோ தீபாவளியோ திருவிழாவோ வந்தால், "ரெண்டு நாள் போயிட்டு வந்துடுறேன்" என்பார்கள். அந்த இரண்டு நாளுக்கு வீட்டாரை அங்கே கூட்டிப் போங்கள். நடுவில் விட்ட கதிர்ச் சிகிச்சைக்கு முழுப் பலன் கிடைக்காது. திருவிழாவுக்கு வந்து திரும்பிப் போகாத மூன்று பேரின் பெயர் என் கொப்பியில் இருக்கிறது.

வீட்டில் இருக்கும் பிள்ளைகளை யார் பார்ப்பார்கள் என்று கேட்க மறக்காதீர்கள். பக்கத்துக் காம்பரா ஆட்கள் சோறு போடுவார்கள். ஆனால் அவர்களிடம் யாராவது போய்க் கேட்கவேண்டும்.

6. வெற்றிலை போடுகிறவர்களைத் திட்டாதீர்கள்.

மலையில் குளிருக்கும் பசிக்கும் அது துணை. காலையில் ரொட்டியும் தேத்தண்ணியும் குடித்துவிட்டு மலையேறினால் மத்தியானம் வரை வாயில் இருப்பது அந்த வெற்றிலைதான். நம் நாட்டு ஆண்களுக்கு அதிகம் வருவது வாய்ப்புற்று. தோட்டத்தில் பெண்களும் ஆண்களுக்குச் சரியாக வெற்றிலை போடுகிறார்கள். "பொயல போடல, வெறும் பாக்குதான்" என்று சமாதானம் சொல்வார்கள். புகையிலை சேராத வெறும் பாக்கும் புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2004இலேயே சொல்லிவிட்டது. அதைப் பொறுமையாகச் சொல்லுங்கள். விடச் சொல்வதற்கு முன் வாயைக் காட்டச் சொல்லுங்கள்.

என்ன பார்க்கவேண்டும் என்றால், இரண்டு வாரத்துக்கு மேல் ஆறாத புண்ணைப் பாருங்கள். துடைத்தாலும் போகாத வெள்ளைத் திட்டைப் பாருங்கள். சிவப்புத் திட்டு அதைவிட மோசமானது. நடு மூன்று விரல்களைச் சேர்த்து, ஒன்றின்மேல் ஒன்றாக இருக்கும்படி செங்குத்தாக வாய்க்குள் வைக்க முடியாதவர், வாய்த் தசை இறுகத் தொடங்கியவராக இருக்கலாம். அதற்கும் முந்திய அடையாளத்தை அடுப்படியில் கேட்கலாம். வீட்டில் எல்லோரும் சாப்பிடுகிற அதே குழம்பை ஒருவர் மட்டும், "காரம் தாங்கல, எரியுது" என்று ஒதுக்குகிறாரா? அந்த வாயைப் பாருங்கள். கொழுந்து நிறுக்க மடுவத்துக்கு வரும் நேரத்தில் வரிசையில் நிற்கும்போதே பார்த்துவிடலாம். ஒரு ஆளுக்கு இரண்டு நிமிடம் போதும். கணக்கப்பிள்ளையையும் கங்காணியையும் முதலில் காட்ட வையுங்கள். மற்றவர்கள் தாமாக வாயைத் திறப்பார்கள்.

7. சுகவனிதையர் கிளினிக்கைத் தோட்டத்துக்குக் கொண்டுவரப் பாருங்கள்.

35 வயதிலும் 45 வயதிலும் பெண்களுக்குக் கர்ப்பப்பை வாசலைப் பரிசோதிக்கிற கிளினிக் அது. 1996இலிருந்து நாட்டில் நடக்கிறது. நம் பெண்கள் வராததற்குக் கூச்சம் ஒரு காரணம். மற்றது, அது வேலை நாளில், வேலை நேரத்தில், தூரத்தில் நடப்பது. சுகாதார வைத்திய அதிகாரியிடமும் தோட்டத்துத் துரையிடமும் தோட்டத்து நலன்புரி உத்தியோகத்தரிடமும் போய்ப் பேசுங்கள். டிஸ்பென்சரியில் ஒரு அறை, ஒரு திரை, வாளியில் சுடுதண்ணி, அன்றைக்கு வருகிற பெண்களுக்கு முழு நாள் பெயர். இவ்வளவுதான் கேட்கவேண்டியது. கொழுந்து குறைந்த மாதத்தில் கேட்டால் துரை சம்மதிப்பார். கொழுந்து குவியும் மாதத்தில் கேட்டு இல்லையென்று வாங்கிக்கொண்டு வராதீர்கள்.

தமிழ்நாட்டுத் திண்டுக்கல் மாவட்டத்தில் நடந்த ஒரு வேலை 2007இல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. பயிற்சி பெற்ற தாதிமார், கிராமத்துப் பெண்களின் கர்ப்பப்பை வாசலில் வினாகிரி போன்ற நீர்த்த அமிலத்தைத் தடவி, வெள்ளையாகத் தெரியும் இடத்தைக் கண்டுபிடித்தார்கள். தகுந்தவர்களுக்கு அதே இடத்தில், அதே நாளில், குளிரூட்டி உறையவைக்கும் சிகிச்சையும் செய்தார்கள். அங்கே அந்த நோய் வருவது 25 வீதமும் அதனால் சாவது 35 வீதமும் குறைந்தது. செய்தவர்கள் தாதிமார் என்பதை முதலில் கவனியுங்கள். "அதே நாளில்" என்பதையும் கவனியுங்கள். அந்தப் பெண் இரண்டாவது முறை பஸ் ஏறவேண்டியிருக்கவில்லை. நம் இடத்தில் அதே முறை இல்லாவிட்டாலும், எந்த ஏற்பாட்டைச் செய்தாலும் அந்தப் பெண் இன்னும் எத்தனை தடவை பஸ் ஏறவேண்டும் என்று எண்ணிப் பாருங்கள். எண்ணிக்கை குறைந்தால் அது நல்ல ஏற்பாடு.

8. தரம் 6 படிக்கும் பெண்பிள்ளைகளுக்கு 2017இலிருந்து பாடசாலையிலேயே தடுப்பூசி போடுகிறார்கள். அது கர்ப்பப்பை வாசல் புற்றைத் தடுக்கும். ஊசி போட்டால் பிள்ளை பிறக்காது என்று யாராவது கதை கட்டிவிட்டால், அந்த வாரமே தாய்மாரைக் கூப்பிட்டு, அது பொய் என்று சொல்லுங்கள்.

9. கோயிலோடும் பூசாரியோடும் சண்டைக்குப் போகாதீர்கள்.

"சாமிகிட்ட கேட்டுட்டு வர்றேன்" என்றால், நானும் வருகிறேன் என்று கூடப் போங்கள். திருநீறு போடுகிறவர், கயிறு கட்டுகிறவர் எல்லோரும் நம் ஆட்கள்தான். பூசாரியே, "ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வா தாயி, சாமி கூட வரும்" என்று சொல்லிவிட்டால், நான் ஒரு மாதம் பேசிச் செய்யமுடியாததை அவர் ஒரு நிமிடத்தில் செய்துவிடுவார். பச்சிலை வைத்துக் கட்டி, கட்டியைப் பழுக்க வைக்கிறவர்களிடம் மட்டும் கண்டிப்பாக இருங்கள். அதில் போகிற மாதங்கள் திரும்பி வராது.

மகளுக்குக் கலியாணம் பேசியிருக்கும் வீட்டில் நோயை மறைப்பார்கள். தொட்டால் ஒட்டும் என்று நினைக்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அந்த வீட்டுக்குப் போனால் அவர்கள் போடும் தேத்தண்ணியை அவர்களுடைய கோப்பையிலேயே குடியுங்கள். லயம் முழுக்கப் பார்க்கும்.

10. குணமாக்க முடியாதவரையும் விட்டுவிடாதீர்கள்.

"இனி ஒண்ணும் செய்ய ஏலாது, வீட்டுக்குக் கூட்டிப் போங்க" என்ற சொல்லோடு வருகிறவர்கள் நம்மிடம் அதிகம், ஏனென்றால் நம் ஆட்கள் பிந்திப் போகிறார்கள். செய்வதற்கு அப்போதும் நிறைய இருக்கிறது. 1993இல் டாக்டர் ராஜகோபாலும் அவருடைய நண்பர்களும் கோழிக்கோட்டில் வலி தணிக்கும் பணியைத் தொடங்கினார்கள். அது பிறகு கேரளம் முழுக்கப் பரவியது. அயலிலுள்ள சாதாரண ஆட்கள் பயிற்சி எடுத்து, தாதியோடு வீடுவீடாகப் போகிறார்கள். புண்ணைக் கழுவுகிறார்கள், படுக்கைப் புண் வராமல் புரட்டிப் படுக்கவைக்கிறார்கள், பிள்ளைகளின் படிப்பை விசாரிக்கிறார்கள். அவர்களுடைய நாடும் ஏழை நாடுதான். லயத்தில் நாம் ஒருவரை ஒருவர் அறிவோம், சுவர் ஒன்றுதான். அவர்கள் உண்டாக்கிய அயலவர் கூட்டம் நமக்கு ஏற்கெனவே இருக்கிறது.

வலியைப் பற்றி: மோர்பின் என்றால் பயப்படுகிறார்கள், வீட்டாரும் பயப்படுகிறார்கள், சில ஊழியர்களும் பயப்படுகிறார்கள். டாக்டர் எழுதிய அளவில், நேரம் பிந்தாமல், வலி வருவதற்கு முன்பே கொடுக்கவேண்டிய மருந்து அது. வலி தாங்க முடியாமல் கத்தும்போது மட்டும் கொடுத்தால் போதாது. மலச்சிக்கல் வரும், மலமிளக்கியும் சேர்த்து எழுதியிருக்கிறார்களா என்று பாருங்கள். மாத்திரை முடிய மூன்று நாள் இருக்கும்போதே கிளினிக்குக்குப் போய் அடுத்ததை வாங்குங்கள். மழையில் மண் சரிந்து பாதை அடைபட்டால் அந்த மூன்று நாள் உதவும். ஒரு கிழவர் கடைசி இரண்டு மாதம் வலியில்லாமல், வாசல் திண்ணையில் வெயில் காய்ந்துகொண்டு, பேரப்பிள்ளைக்கு உடுக்கு அடிக்கக் கற்றுக்கொடுத்தார். அந்த வீட்டில் அதற்குப் பிறகு யாருக்கு நோய் வந்தாலும் மறைப்பதில்லை.

11. பொய் சொல்லாதீர்கள். "புண்ணுதான், சரியாயிடும்" என்று நீங்கள் சொன்னது பொய்யென்று தெரிந்த நாளில் அவர் அடுத்த கிளினிக்குக்கு வரமாட்டார். எவ்வளவு தெரிந்துகொள்ள விரும்புகிறார் என்று அவரிடமே கேட்டு, அவ்வளவைச் சொல்லுங்கள்.

12. கடைசியாக, ஆட்கள்.

எங்களிடம் இப்போது இருப்பவர்கள் எனக்கு ஈடான வயதுக்காரர்கள். ஒருவருக்கு முழங்கால் வலி, ஒருவருக்குச் சர்க்கரை. எல்லாத் தோட்டங்களுக்கும் எங்களால் ஏறி இறங்க முடியவில்லை. டாக்டராக இருக்கத் தேவையில்லை. சிங்களமும் தமிழும் பேசத் தெரிந்த பிள்ளை ஒன்று, ஓட்டோ ஓட்டுகிற தம்பி ஒருவர், பாடசாலை விட்டதும் இரண்டு மணிநேரம் கொடுக்கக்கூடிய ஆசிரியை ஒருவர் என்று தோட்டத்துக்கு மூன்று பேர் இருந்தால் போதும். கொழும்பில் வேலை செய்கிற நம் பிள்ளைகள் மாதம் ஒரு நாள் மஹரகமவுக்குப் போய், எந்தத் தோட்டத்திலிருந்து யார் வந்து வார்ட்டில் படுத்திருக்கிறார்கள் என்று பார்த்து எங்களுக்குச் சொன்னால், அதுவே பெரிய உதவி. நான் இதை எழுதும் இன்றைக்கு என் கொப்பியில் நாலு பேருக்கு, துண்டு கொடுத்த திகதிக்கு அடுத்த கட்டம் வெறுமையாக இருக்கிறது. இரண்டு பேர் வீட்டுக்கு நாளை நான் போகிறேன். மற்ற இரண்டு பேர் வீட்டுக்கு யாராவது வாருங்கள்.